காற்றில் மேய்ந்த செவலை

எனக்கு எதையும் வெளிச்சத்தில் பேசிப் பழக்கமில்லை. சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி ஆள் நான். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்குவதென்றாலும் பக்கத்தில் நிற்கிறவர் போகட்டும் என்று காத்திருப்பேன். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவியோ, ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவதற்கு அரசாங்கத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி வைத்திருந்தாள்.

அவள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்லூரியில் படிக்கும்போதே ஹாம் ரேடியோவில் சேர்ந்துவிட்டாள். கையடக்கமான ஒரு செட், அதற்கொரு ஆன்டெனா, காற்றில் பெயருக்குப் பதிலாகச் சொல்ல அரசாங்கம் கொடுத்த ஓர் அழைப்புக்குறி. இவ்வளவு இருந்தால் இதே ஆர்வம் உள்ள யாருடனும் காற்றில் பேசலாம். போன் கம்பெனியும் வேண்டாம், டவரும் வேண்டாம். கல்யாணமான புதிதில் இதை நான் கேலி செய்ததுண்டு. "போன் இருக்கும்போது எதுக்கு இந்தச் சள்ளை?" என்பேன். வாய்க்கொழுப்புக்குத் தண்டனை கிடைக்காமல் போகாது. எனக்கு மலை மேல் வேலை போட்டார்கள்.

நான் கால்நடை ஆய்வாளர். மாட்டுக்கு ஊசி போடுவது, சினை பார்ப்பது, கழிச்சலுக்கு மருந்து கொடுப்பது என் வேலை. நான் போன மலையூரில் போன் எடுக்காது. டவர் நட்டு இரண்டு மழைக்காலம் போயிருந்தது. இன்னும் கரண்டு கொடுக்கவில்லை, அதன் வேலிக்குள் ஆடுகள்தான் சுகமாக மேய்ந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமை மேலே போனால் சனிக்கிழமைதான் இறங்குவேன். நல்லம்பள்ளிப் பக்கத்து ஊரில் எங்கள் வீட்டில் அம்மாவும் அவளும். ஒரு வாரம் முழுக்க வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லாமல் இருப்பது என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு ஆகிற காரியமா? "நீங்களும் பரீட்சை எழுதுங்க" என்றாள். எழுதினேன்.

அவள்தான் பாடம் சொன்னாள். முதல் நாளே ஒரு விதியைக் காட்டிப் படிக்கச் சொன்னாள். காற்றில் பேசுவது எளிய மொழியில் இருக்க வேண்டும், கேட்கிற எவருக்கும் புரிய வேண்டும், பொருளை மறைக்கிற சங்கேதமோ ரகசியக் குறியீடோ கூடாது.

"போலீஸ், மிலிட்டரி எல்லாம் பூட்டுப் போட்டுப் பேசலாம்ங்க. நமக்கு மட்டும் கெடையாது" என்றாள்.

"யாருக்குமே விலக்கு இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குது. மேல சுத்தற ஹாம் சேட்டிலைட்டுக்குக் கீழயிருந்து கட்டளை போவுமில்ல, அத மட்டும் பூட்டி அனுப்பலாம். எவனாவது வெளையாட்டுக்கு அத ஆஃப் பண்ணிட்டான்னா?"

"அப்ப என்னையும் ஒரு சேட்டிலைட்டுன்னு நெனச்சுக்க."

"நீங்க மலையிலதான் இருக்கறீங்க. அவ்வளவு ஒசரம் போவல" என்றாள். பிறகு அடுத்த வரியையும் விரலை வைத்துக் காட்டினாள். நமக்கென்று வராத பேச்சு காதில் விழுந்தால் அதை வெளியில் சொல்லக் கூடாது. அதையும் மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் எழுதினேன், வெளியே வந்ததும் மறந்துவிட்டேன். முதல் விதிதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. புருஷன் பெண்டாட்டி பேசுவதை ஊர் கேட்கலாம், அதற்குச் சட்டமே இருக்கிறது என்றால் யாருக்குத்தான் உறுத்தாது?

கேட்கிறவர்களும் கொஞ்சநஞ்சமில்லை. மலை மேல் ரேடியோக்காரர்கள் ஒரு ரிப்பீட்டர் வைத்திருந்தார்கள். நம் குரலை வாங்கி இன்னும் சத்தமாக நாலு மாவட்டத்துக்கு அனுப்புகிற பெட்டி அது. விளக்கு வைக்கிற நேரத்தில் நான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறி நின்று அவளைக் கூப்பிடுவேன். அதே நேரத்தில் சேலத்தில் ஒரு பெரியவர் செட்டைத் திறந்துவைத்திருப்பார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "கொசு ரெக்கை அடிச்சாக்கூட என் ஆன்டெனாவுல கேக்கும்" என்பது அவருடைய பெருமை. எவ்வளவு இரைச்சலில் பேசினாலும் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஏரியூரில் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர், வீட்டில் கறவை மாடுகளும் வைத்திருந்தார். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிற ஒருவர், பாலக்கோட்டில் ஒருவர், அரூரில் ஒருவர். எல்லோரும் நல்லவர்கள். அதுதான் இன்னும் சங்கடம். கெட்டவர்கள் ஒட்டுக்கேட்டால் திட்டலாம்.

எங்கள் வீட்டில் செட் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. அம்மாவும் அதன் அடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் குரலைக் கேட்பாள். காற்றில் எல்லோரும் எல்லோருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேச வேண்டும் என்று ஒரு வழக்கம். நானும் என் மனைவியை "சொல்லுங்க, சாப்டீங்களா?" என்று கேட்கப் பழகினேன். அம்மாவுக்கு அது ஒரு வேடிக்கை. "வூட்டுக்கு வந்தா அந்த 'ங்க' எங்கடா போவுது?" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அவள் மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தாள்.

முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டுமே மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. டாக்டர் ஏதேதோ காரணம் சொன்னார். அம்மாவுக்குக் காரணம் ஒன்றுதான். முதல் தடவை ரேஷன் கடை வரிசையில் அவளே வாயை விட்டுவிட்டாள். இரண்டாவது தடவை சம்பந்தி வீட்டில் இனிப்புக் கொடுத்துவிட்டார்கள். "ஊரு கண்ணு பட்டாக் கல்லும் கரையும்" என்று சொல்லி, இந்தத் தடவை மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். ஐந்தாம் மாதம் முடிகிறவரை எங்கள் மூன்று பேரையும் டாக்டரையும் தவிர ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. காசு முடிந்தபோது எங்கள் இரண்டு பேரையும் அதைத் தொடச் சொன்னாள். தொட்டோம்.

அம்மாவின் நம்பிக்கையில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். பயத்தில் மட்டும் முழுப் பங்கு.

ஆனால் மலையில் இருக்கிறவன் எப்படி விசாரிப்பது? வாந்தி இருக்கிறதா, வலி இருக்கிறதா, டாக்டர் என்ன சொன்னார், எதையும் கேட்க முடியாது. கேட்டால் சேலத்துப் பெரியவரின் ஆன்டெனா கொசு ரெக்கையையே கேட்கும். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது என் யோசனையைச் சொன்னேன். நமக்கு ஒரு மாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சினை மாடு. பெயர் செவலை. நான் மாட்டுக்காரன், மாட்டைப் பற்றிக் கேட்டால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குப் பேருதாங்க சைஃபர். கூடாதுன்னு படிச்சோமில்ல?"

"யாருக்குத் தெரியப் போவுது?"

"அதான். யாருக்கும் தெரியாதுன்னா அதுக்குப் பேருதான் சைஃபர்." பிறகு சாமி படத்தை ஒரு முறை பார்த்தாள். அவளுக்கும் பயம் இருந்தது, வெளியில் காட்டுகிறவள் இல்லை, அவ்வளவுதான். "சரி. ஆனா கறவை, காம்புன்னு ஏதாச்சும் பேசினீங்க, செட்ட அமத்திட்டுப் போயிடுவேன்" என்றாள்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் இல்லாத மாடு காற்றில் மேய ஆரம்பித்தது. "செவலை தீனி எடுக்குதுங்களா?" என்று கேட்பேன். "காலையில எடுக்கல. சாயங்காலம் கொஞ்சம் எடுத்துச்சு" என்பாள். காலையில் வாந்தி, சாயங்காலம் இரண்டு இட்லி இறங்கியது என்று புரிந்துகொள்வேன். "நல்லாப் படுத்து ரெஸ்ட் எடுக்குதுங்களா?" என்றால், "எங்க? பாலிடெக்னிக் லேப்ல நின்னுக்கிட்டே இருக்குது" என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு இருமினாள். அவளுக்கு அங்கே ஆய்வகத்தில் வேலை. மாடு பாலிடெக்னிக் லேப்பில் நிற்பதை நல்லவேளையாக யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் பாறை மேல் நின்று வியர்த்தேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. கோமாரித் தடுப்பூசி முகாமும் சேர்ந்து வந்தது. முகாம் முடிகிறவரை ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு முதல் ஸ்கேன்.

அன்று மாலை அவள் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. "செவலையை டாக்டர் பாத்தாங்க. துடிப்பு இருக்குது. ஆனா மெதுவா இருக்குதாம். ஒரு வாரம் போவட்டும், மறுபடி பாத்துட்டுச் சொல்றேன்னாங்க."

மெதுவாக இருக்கிறது. எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. எந்த மாட்டுக்கு இதைச் சொல்லியிருந்தாலும் நூறு கேள்வி கேட்டிருப்பேன். என்ன கேட்கிறோம் என்று யோசிக்காமலே கேட்டுவிட்டேன். "முன்ன ரெண்டு தடவ மூணாம் மாசத்துல வீசிடுச்சே, அதே மாதிரி ஆயிடுமா?"

மாடு சினையைக் கலைத்துவிட்டால் கன்று வீசிவிட்டது என்பார்கள். பேசுவதற்காக அமுக்கியிருந்த பொத்தானை விட்டதும் அவள் குரலுக்குப் பதில் ஏரியூர்க்காரர் குரல் வந்தது.

"பிரேக்குங்க, பிரேக். நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ரெண்டு தடவ கன்னு வீசுச்சுங்களா? சார், நீங்களே டிபார்ட்மெண்ட்டுல இருக்கறீங்க, உங்களுக்கு நான் சொல்லக் கூடாது. போன வருசம் எங்க தொழுவத்துல இப்படித்தான் ஆரம்பிச்சது. ஒண்ணுலயிருந்து இன்னொண்ணுக்கு ஒட்டற நோவு அது. ரத்தம் எடுத்துப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் இருக்காதுங்க" என்றேன்.

"எப்படீங்க சொல்றீங்க? வூட்ல யாரும் பச்சப்பால் குடிக்காதீங்க. பக்கத்துல சினை மாடு இருந்தாத் தள்ளிக் கட்டச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த நோய் ஏழெட்டு மாதச் சினையைத்தான் பெரும்பாலும் கலைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாதாடினால் இன்னும் நாலு கேள்வி வரும். "பாக்கறேனுங்க" என்று சொல்லி செட்டை அமர்த்திவிட்டு, பாறையிலேயே உட்கார்ந்தேன். தூறல் விழுந்தது. உள்ளே போகத் தோன்றவில்லை.

அந்த வாரத்தை எப்படித் தள்ளினேன் என்று கேட்டால் மாட்டைக் கேட்க வேண்டும். ஊசி போட்ட மாட்டுக்கே மறுபடி போடப் போனேன். மாலையானால், "செவலை தீனி எடுக்குதுங்களா?" "எடுக்குது." அவ்வளவுதான். யார் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள் என்கிற நினைப்பிலேயே செட்டை அமர்த்திவிடுவேன். ஒரு நாள் அவள், "இந்தப் பேச்ச நிறுத்திக்கலாம்ங்க" என்றாள். சிக்னல் சரியில்லாத மாதிரி நடித்தேன்.

மறு ஸ்கேன் எடுக்கிற நாளும் வந்தது. காலையிலிருந்து என் மனம் தருமபுரியில் அந்த ஸ்கேன் சென்டர் வாசலிலேயே நின்றது. அன்றைக்குப் பார்த்து எங்கள் கால்நடை மருத்துவர் முகாமைப் பார்க்க ஜீப்பில் மேலே வந்தார். கண்டிப்பான டாக்டர் அம்மா. வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க வூட்டு மாடு ரெண்டு தடவ கன்னு வீசிடுச்சாமே? ஏரியூர்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணினாரு. பாவம், உங்க மேல குத்தம் சொல்லல. பயப்படறாரு. ஏன் என்கிட்ட சொல்லல?"

அப்போதே சொல்லியிருக்கலாம். டாக்டர், மாடு இல்லை, என் மனைவி என்று இரண்டு வார்த்தை. ஆனால் மஞ்சள் துணி கண் முன்னால் வந்தது. இன்றைக்கென்று பார்த்துச் சொல்வதா? அவள் இந்நேரம் படுக்கையில் படுத்திருப்பாள், வயிற்றில் அந்தக் கருவியை வைத்திருப்பார்கள். இந்த நொடியில் நான் வாயைத் திறந்து, அங்கே அந்தத் துடிப்பு நின்றுவிட்டால்?

"மாட்ட வித்துட்டேன் டாக்டர்" என்றேன்.

"எப்ப?"

"போன மாசம்."

"போன வாரம் டாக்டர் பாத்ததா ரேடியோவுல பேசினீங்களாமே?"

"அது, வாங்கினவர் பாத்துச் சொன்னது."

"யாரு வாங்கினது?"

"சந்தையில வித்தது. பேரு தெரியல."

அவர் முகம் மாறிவிட்டது. என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ரத்தம் பார்க்காத, இரண்டு முறை வீசிய சினை மாட்டைச் சந்தையில் தள்ளிவிட்டேன் என்று ஒரு கால்நடை ஆய்வாளர் தன் வாயாலேயே சொல்கிறார். "நீங்களா? நீங்களா இப்படிச் செஞ்சீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். அடையாளம் கேட்டார். இடது கொம்பு முறிந்தது, நெற்றியில் வெள்ளைச் சுழி என்றேன். கேட்கக் கேட்க மாடு என் வாயில் வளர்ந்துகொண்டே போனது. "நாளைக்குக் காலையில உங்க தெருவுல எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுக்க ஆள் அனுப்பறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தத் தெருப் பால சொசைட்டியில எடுக்க வேண்டாம்னு சொல்லணும். அந்த மாட்டையும் கண்டுபிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எங்கள் தெருவில் பால் ஊற்றித்தான் பாதி வீட்டில் அடுப்பு எரிகிறது. பக்கத்து வீட்டு அக்கா விஷயம் ஒன்றும் தெரியாமலே என் மனைவிக்குத் தினம் ஒரு தம்ளர் பால் கொடுத்தனுப்புகிறவர். அவர்கள் எல்லோருடைய மாட்டுக்கும் நான் இல்லாத நோயைக் கொடுத்துவிட்டேன். வேலை போகுமா, உரிமம் போகுமா என்றுகூட அப்போது பயமில்லை. ஸ்கேனில் என்ன சொன்னார்கள்? அது மட்டும்தான் உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது.

இருட்டுவதற்கு முன்பே பாறைக்குப் போய்விட்டேன். செட்டைத் திறந்தால் ஒரே கூட்டம். டாக்டர் கீழே இறங்கியதும் ஏரியூர்க்காரருக்குப் போன் செய்து உதவி கேட்டிருக்கிறார். ரேடியோக்காரர்களுக்கு உதவி என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், வெள்ள நிவாரணத்துக்கு வேலை செய்கிற மாதிரி இறங்கிவிடுவார்கள்.

"செவலை மாடு, இடது கொம்பு முறிஞ்சது, நெத்தியில வெள்ளைச் சுழி. எல்லாரும் குறிச்சுக்குங்க. நாளைக்கு சார் தெருவுல எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுக்கறாங்களாம், பாலயும் நிறுத்தப் போறாங்களாம்" என்றார் ஏரியூர்க்காரர்.

"பாலக்கோட்டு வியாபாரிங்க ரெண்டு பேரு எனக்குப் பழக்கம். விசாரிக்கறேன்."

"அரூர்ச் சந்தைய நான் பாத்துக்கறேனுங்க."

"பார்டர் தாண்டிப் போயிருந்தா நான் கன்னடத்துலயே கேட்டுடறேன்" என்றார் ஓசூர்க்காரர்.

"தொப்பூர்ல வண்டிங்க டீக்கு நிக்குமில்ல, மாட்டு லாரி ஏதாச்சும் போச்சான்னு அங்க கேக்கச் சொல்றேன்" என்றார் சேலத்துப் பெரியவர்.

நாலு மாவட்டத்தில் நல்லவர்கள் எல்லோரும் என் மனைவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இந்த இரைச்சலுக்கு நடுவில் நான் எப்படிக் கேட்பேன், செவலைக்குத் துடிப்பு எப்படி இருக்கிறது என்று? பொத்தானை அமுக்கினேன், விட்டேன். மறுபடி அமுக்கினேன். "நாளைக்குப் பேசிக்கலாமுங்களா?" என்று யாரிடம் என்று இல்லாமல் சொன்னேன்.

அப்போது அவள் வந்தாள். தன் அழைப்புக்குறியை ஒவ்வொரு எழுத்தாக, பரீட்சையில் சொல்கிற மாதிரி சொன்னாள். எல்லோரும் நிறுத்தினார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. செவலைன்னு ஒரு மாடு இல்லைங்க. யாரும் தேட வேண்டாம். அந்தப் பேர வெச்சு எங்க வூட்டுக்காரரும் நானும் பேசிக்கிட்டது என்னையப் பத்திதான். சங்கேதமாப் பேசக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் பேசினோம்." கொஞ்சம் நிறுத்தினாள். பொத்தானை விடவில்லை, ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. "நான் முழுகாம இருக்கறேனுங்க. முன்ன ரெண்டு தடவ தங்கல. போன வாரம் துடிப்பு மெதுவா இருக்குதுன்னாங்க. இன்னைக்கு மறுபடி பாத்தாங்க. நல்லா இருக்குதாம். எனக்கே போட்டுக் காட்டினாங்க, என் காதால கேட்டேன். அத ஒரு மாட்டு மேல வெச்சுச் சொல்ல மனசு வரலீங்க. எங்க தெருவுல எந்த மாட்டுக்கும் ஒரு நோவும் இல்ல. யாரும் அவங்க பால நிறுத்திடாதீங்க. அவ்வளவுதானுங்க."

அவள் விரலை எடுப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரலும் காற்றில் ஏறிவிட்டது. "அய்யோ, ஏன் கண்ணு சொன்ன? ஏன் சொன்ன?"

துடிப்பு நன்றாக இருக்கிறது. அந்தச் சந்தோஷம் உள்ளே இறங்குவதற்குள், சொல்லிவிட்டாளே என்கிற பயம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்தது. காதால் கேட்டாளாம். கேட்ட அன்றைக்கே நாலு மாவட்டத்துக்கும் சொல்லிவிட்டாள். ரேஷன் கடை வரிசையில் சொன்னதற்கே தங்கவில்லை. ஒரு நிமிஷம் அவள் மேல் கோபம் வந்தது. அப்படியொரு கோபம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

காற்றில் வெறும் இரைச்சல். பிறகு சேலத்துப் பெரியவர் தன் அழைப்புக்குறியைச் சொன்னார்.

"அம்மா, உங்க சிக்னல் இன்னைக்கு சரியா எடுக்கலீங்க. மாடு இல்லைங்கறது மட்டும் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரே இரைச்சல். ஒரு வார்த்த கூட என் காதுல விழல."

எனக்குப் புரியவில்லை. கொசு ரெக்கை கேட்கிறவருக்கா கேட்கவில்லை?

பாலக்கோட்டுக்காரர் வந்தார். "எனக்கும் கேக்கலீங்க. மழையினால இருக்கும்." அரூர்க்காரர் வந்தார். "இங்கயும் அப்படித்தாங்க." ஓசூர்க்காரர், "நனகூ கேளிஸ்லில்லா. எனக்கும் கேக்கல" என்று இரண்டு பாஷையிலும் சொன்னார். ஒவ்வொருவரும் தங்கள் அழைப்புக்குறியை முழுசாகச் சொல்லி, சாட்சிக் கையெழுத்துப் போடுகிற மாதிரி, கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏரியூர்க்காரர் மட்டும் வர நேரமானது. வந்தபோது குரல் கம்மியிருந்தது. "எனக்குங்க, எனக்கும் ஒண்ணும் கேக்கலீங்க. போன வாரம் கேட்டதும் சரியாக் கேட்டிருக்காதுங்க. என் செட்டுல கோளாறு. டாக்டர் அம்மாவுக்கு இப்பவே போன் பண்ணி அதச் சொல்லிடறேன்."

அப்போதுதான் அவள் விரலை வைத்துக் காட்டிய அடுத்த வரி நினைவுக்கு வந்தது. நமக்கென்று வராத பேச்சு காதில் விழுந்தால் வெளியில் சொல்லக் கூடாது. மறைத்துப் பேசாதே என்று ஒரு வரி சொல்கிறது, கேட்டதைக் காப்பாற்று என்று அடுத்த வரி சொல்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. நான்தான் பாதிப் பக்கம் படித்தவன்.

மறுநாள் ரத்தம் எடுக்க எங்கள் தெருவுக்கு ஆள் வரவில்லை. டாக்டர் அடுத்த முறை வந்தபோது, "மாடே இல்லையாமே" என்றார்.

"இல்லீங்க டாக்டர்."

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். "பொய் சொல்லத் தெரியாதவங்க சொல்லக் கூடாது" என்றார். ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி, "லீவு வேணும்னாக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா இரண்டு நாள் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, அவளுக்குச் சுற்றிப் போடுவாள் என்று பார்த்தால், ஃபிரிட்ஜ் மேல் இருந்த செட்டுக்குச் சுற்றினாளாம். "அத்தனை பேரு கண்ணும் இதுக்குள்ளதான இருக்குது" என்றாளாம். இதையும் என் மனைவி அன்று மாலை காற்றில் எனக்குச் சொன்னாள். யாரோ பொத்தானை அமுக்கிவிட்டுச் சிரித்ததும் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எனக்குப் பயம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அதுவும் செவலை மாதிரிதான். ஒவ்வொரு மாலையும் இன்றைக்கு என்ன சொல்லப் போகிறாளோ என்றுதான் பாறையில் ஏறினேன். மூன்றாம் மாதம் முடிகிற வாரத்தில் தூக்கம் என்பதே இல்லை. காற்றில் நானும் அவளும் மழை, சமையல், கரண்டு என்று பேசினோம். எல்லோரும் கேட்டார்கள். ஒருவர்கூட, ஒரு நாள்கூட, அவளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஏரியூர்க்காரர் மட்டும் முடிக்கும்போது, "வூட்ல எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று பொதுவாகச் சொல்லிவைப்பார். ஐந்தாம் மாதம் முடிந்து அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்து ஊருக்குச் சொன்ன பிறகும், காற்றில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை.

தருமபுரி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். நர்ஸ் வந்து சொல்லி, உள்ளே போய் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மாடிப்படியில் ஏறி செட்டைத் திறந்தேன். விளக்கு வைக்கிற நேரம்தான். என் அழைப்புக்குறியைச் சொன்னேன். மாத்திரை கேட்கவே தயங்குகிறவன் நான், அன்று குரலை உயர்த்தி, ஒளிவு மறைவு இல்லாமல், எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

சேலத்துப் பெரியவர்தான் முதலில் வந்தார்.

"நல்லாக் கேட்டுச்சுங்க, தெளிவாக் கேட்டுச்சு" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படீங்களா! சொல்லவே இல்லையேங்க. நாங்க இப்பத்தான் கேள்விப்படறோம்" என்றார்.